வட்டம் விழுந்தால் மருந்தாகிவிடுமா?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் ஒரு சடங்கு ஆரம்பமாகும். இறுதியாண்டு ப்ராஜெக்ட்! மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி மாணவர்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து ஏதாவது ஒரு இலையைப் பறித்து வருவார்கள். வேம்பு, துளசி, நிலவேம்பு, குப்பைமேனி, கற்பூரவல்லி... எது கிடைக்கிறதோ அது. நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டிச் சுண்டவைத்தால் கரும்பச்சையாக ஒரு பிசுக்கு மிஞ்சும். அதைச் சின்னக் காகித வில்லையில் ஏற்றி, கிருமி பூசிய அகார் தட்டில் வைத்து, 37 டிகிரி இன்குபேட்டருக்குள் தள்ளிவிட்டு, மறுநாள் காலை திறந்து பார்த்தால்... வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம்!

ஸ்கேல் வைத்து அளப்பார்கள். 14 மில்லிமீட்டர். போட்டோ எடுப்பார்கள். ஸ்பைரல் பைண்டிங் போட்ட புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் வரும்: "இந்தத் தாவரம் எதிர்காலத்தில் ஆன்டிபயாடிக்குகளுக்கு மாற்றாக அமையும்." வைவா முடியும். டிகிரி கிடைக்கும். அந்த எதிர்காலம் மட்டும் வரவே வராது.

மாணவர்கள் செய்வதில் தப்பில்லை. கை பழகுவதற்கு அது நல்ல பயிற்சி. ஆனால் அதே 14 மில்லிமீட்டர் வட்டம் ஆய்வுக்கட்டுரையாகிறது, பிறகு "சூப்பர்பக்கை அழிக்கும் மூலிகை" என்று செய்தித் தலைப்பாகிறது, கடைசியில் ஒரு பாட்டிலின் லேபிளாகி மெடிக்கல் ஷாப் அலமாரியில் வந்து உட்கார்கிறது. சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏனென்றால் அந்த பாட்டிலை வாங்குகிறவர் ப்ராஜெக்ட் செய்யவில்லை. அவருக்குக் காய்ச்சல் அடிக்கிறது.

ஒரகடத்தில் ஒரு நீர்க்கடுப்பு

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியை எல்லோருக்கும் தெரியும். கார், செல்போன், டயர், மோட்டார் சைக்கிள், லாரி என்று எல்லாம் அங்கே தயாராகிறது. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வருகின்றன. நோக்கியா 2006-ல் வந்து 2014-ல் மூடிவிட்டுப் போனது. இந்த ஆலைகளின் லைனில் நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இளைஞர்கள். விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதிகளிலும் நெரிசலான வாடகை அறைகளிலும் தங்குகிறவர்கள். 2021 டிசம்பரில் அப்படி ஒரு விடுதியில் சாப்பாடு விஷமாகி, ஒரு செல்போன் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் விடுதி எப்படி இருக்கிறது என்று வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இப்போது அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது இருபத்திரண்டு. ஷிஃப்டில் அடிக்கடி பாத்ரூம் போக முடியாது என்பதற்காகத் தண்ணீரையே குறைத்துக் குடிக்கிறாள். நீர்க்கடுப்பு வருகிறது. லீவு போட்டால் சம்பளம் போகும். எனவே தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலேயே நான்கு மாத்திரை வாங்குகிறாள். இரண்டு போட்டதும் தேவலை. மீதியை எடுத்து வைத்துவிடுகிறாள். அடுத்த மாதம் மறுபடியும் வருகிறது. இந்தத் தடவை மாத்திரை கேட்கவில்லை. அறையில் இருக்கும் அக்கா ஒருத்தி சொல்கிறாள்: "இங்கிலீஷ் மருந்தே வேணாம்டி, உடம்பு சூடு. நெருஞ்சில் கஷாயம் குடி. அது கிருமியையே கொன்னுடும்னு பேப்பர்ல போட்டிருக்கான்."

நெருஞ்சில் சித்த மருத்துவத்தில் சிறுநீர்க் கோளாறுகளுக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் மூலிகைதான். அந்த அக்கா அன்பில்தான் சொல்கிறாள். ஆனால் கிருமி சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் குளிர்காய்ச்சலும் விலாவில் வலியும் வரும். அங்கிருந்து ரத்தத்துக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அந்த இரண்டு மூன்று நாட்களை எதில் செலவழிக்கிறாள் என்பதுதான் கேள்வி. பேப்பரில் வந்த வட்டத்தை நம்பிச் செலவழித்தால், அந்த வட்டத்தைப் பற்றி யாராவது அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

இது சின்ன விஷயம் இல்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் 2019-ல் மட்டும் உலகம் முழுக்க 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்பது லான்செட் இதழில் 2022-ல் வந்த கணக்கு. இதே போக்கில் போனால் 2025-லிருந்து 2050 வரை 3 கோடியே 90 லட்சம் பேர் இறப்பார்கள் என்று 2024-ல் இன்னொரு கணக்கு வந்தது. இந்தியாவுக்கு இது அடுத்த வீட்டுப் பிரச்சினையும் இல்லை. என்டிஎம்-1 என்ற நொதியை விரித்துக் காட்டிய 2010 ஆய்வின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, தரமணியில் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்தவர். கார்பபெனம் போன்ற கடைசி ஆயுத மருந்துகளையே வெட்டிப்போடும் நொதி அது. அந்த ஆய்வில் சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமி மாதிரிகள் இருந்தன. அன்று நாடு அதிகமாகச் சண்டை போட்டது எதற்குத் தெரியுமா? நொதிக்கு 'நியூ டெல்லி' என்று பெயர் வைத்துவிட்டார்களே என்பதற்கு!

மூன்று கணக்குகள்

சரி, வட்டத்துக்கு வருவோம். 14 மில்லிமீட்டர் வட்டம் ஏன் மருந்து ஆகாது? மூன்று கணக்குகள் போட்டால் போதும்.

முதல் கணக்கு, எவ்வளவு போட்டார்கள் என்பது. பரிசோதனைக்கு வைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம். பக்கத்திலேயே வைக்கும் இலைச்சாற்று வில்லையில் 5 மில்லிகிராம் ஏற்றினால் அது ஆயிரம் மடங்கு. ஒரே ஆள் தள்ளிய வண்டியையும் ஆயிரம் பேர் கூடித் தள்ளிய வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "பாருங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம் வந்திருக்கின்றன" என்று கைதட்டுவது போன்றது இது. ஸ்பெயினைச் சேர்ந்த ரியோஸ், ரெசியோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005-லேயே தெளிவாக எழுதிவிட்டார்கள். தாவரச் சாறு என்றால் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்ய வேண்டும், பிரித்தெடுத்த தனிச்சேர்மம் என்றால் 10 மைக்ரோகிராமுக்குக் கீழே. அப்போதுதான் அது கவனிக்கத்தக்கது. சாற்றை 1 மில்லிகிராமுக்கு மேல் போட்டால்தான் வேலை செய்கிறது என்றால் அந்தச் சோதனையே வீண். இந்த அளவுகோலை வைத்தால் எத்தனை ப்ராஜெக்ட் தேறும்? எத்தனை ஆய்வுக்கட்டுரை தேறும்?

இரண்டாவது கணக்கு, எந்தக் கிருமி என்பது. கல்லூரி லேபில் வழக்கமாக இருப்பது ஏடிசிசி 25922 என்ற எண்ணுள்ள ஈ.கோலை, இல்லாவிட்டால் ஏடிசிசி 25923 என்ற ஸ்டெஃபைலோகாக்கஸ். இவை சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதற்காகவே வைத்திருக்கும், மருந்துக்கு எளிதில் அடங்கும் ரகங்கள். சாதுவான மாட்டைப் பிடித்துவிட்டு ஜல்லிக்கட்டில் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளலாமா? இதோடு, சாற்றைக் கரைத்த மெத்தனாலும் டிஎம்எஸ்ஓ-வுமே அளவு கூடினால் கிருமியை முடக்கும். வெறும் கரைப்பானை மட்டும் ஏற்றிய வில்லை ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால், வட்டம் போட்டது இலையா சாராயமா என்று யாருக்குத் தெரியும்?

மூன்றாவது கணக்குதான் எல்லாவற்றிலும் கொடுமையானது. ரத்தத்தில் எவ்வளவு சேரும்? மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின், மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியை லேபில் தடுக்க மில்லிலிட்டருக்குக் குறைந்தது 125 மைக்ரோகிராம் தேவைப்பட்டது. சரி, மனிதர் சாப்பிட்டால்? 2001-ல் வெளியான தைவான் ஆய்வு ஒன்றில் நோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் குர்குமினே கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த உச்ச அளவு சராசரியாக 1.77 மைக்ரோமோலார். மைக்ரோகிராமுக்கு மாற்றினால் மில்லிலிட்டருக்கு சுமார் 0.65. தேவை 125, கிடைத்தது 0.65. ஏறக்குறைய 190 மடங்கு பற்றாக்குறை! 8 கிராம் குர்குமின் என்பது சமையல் மஞ்சள்தூளில் ஸ்பூன் கணக்கில் வராது, கிண்ணக் கணக்கில்தான் வரும். மஞ்சள் பால் குடித்து எம்ஆர்எஸ்ஏ-வை விரட்டப் புறப்பட்டவர் முதலில் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2017-ல் வேதியியலாளர்கள் குழு ஒன்று குர்குமின் பற்றிய ஆய்வுகளையெல்லாம் புரட்டிப் பார்த்தது. 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், பாரபட்சம் நுழையாதபடி கட்டுப்படுத்தி நடத்திய எதிலும் அது தெளிவாக ஜெயிக்கவில்லை என்று எழுதியது. இன்னொன்றும் சொன்னது. குர்குமின் எந்தப் புரதத்தின் மீதும் ஒட்டும், தானே ஒளிரும், சிதையும். ஆகவே லேப் சோதனைகளை ஏமாற்றி, வேலை செய்வது போலவே பாவ்லா காட்டும். அடப்பாவி மஞ்சளே!

இங்கே ஒரு பழைய கதையும் ஞாபகத்துக்கு வர வேண்டும். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் அமெரிக்காவில் ஒரு பேடன்ட் கொடுக்கப்பட்டது. இந்தியாவின் சிஎஸ்ஐஆர் எதிர்த்துப் போராடி 1997-ல் அதை ரத்து செய்யவைத்தது. நியாயமான போராட்டம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் மஞ்சள் எங்கள் சொத்து என்று நிரூபிக்கக் காட்டிய வேகத்தில் பாதியையாவது, மஞ்சள் எந்தக் கிருமிக்கு, எந்த அளவில், எந்த வடிவத்தில் கேட்கும் என்று நிரூபிக்கக் காட்டியிருந்தால்?

அப்படியானால் செடியில் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் இன்னொரு வகை மூடநம்பிக்கைதான். "மூலிகையா? போய்யா!" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு.

ஆஸ்பத்திரியில் ஓடும் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவை மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளிடமிருந்தும் பூஞ்சைகளிடமிருந்தும் வந்தவை. பெனிசிலின் ஒரு பூஞ்சை தந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் மண் பாக்டீரியா தந்தது. வான்கோமைசின் போர்னியோ தீவின் மண்ணிலிருந்து வந்தது. செடிகளிடமிருந்து மட்டும் அப்படி ஒரு பெரிய ஆன்டிபயாடிக் இதுவரை வரவில்லை. இத்தனைக்கும் செடியும் வாழ்நாள் முழுக்கக் கிருமிகளோடுதான் போராடுகிறது. எப்படித் தப்பிக்கிறது?

விடையின் ஒரு பகுதி 2000-ல் கிடைத்தது. பெர்பெரின் என்று ஒரு மஞ்சள் நிறச் சேர்மம் உண்டு. நம் மரமஞ்சளிலும் இருக்கிறது. தனியாகப் போட்டால் ஸ்டெஃபைலோகாக்கஸை அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. காரணம், அந்தக் கிருமியின் செல் சவ்வில் நார்ஏ என்று ஒரு பம்ப் இருக்கிறது. உள்ளே வரும் பெர்பெரினை வந்த வேகத்திலேயே வெளியே இறைத்துவிடும். அமெரிக்காவில் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் குழுவினர் பெர்பெரின் உண்டாக்கும் ஒரு செடியை ஆராய்ந்தபோது, அதே செடி இன்னொரு பொருளையும் சேர்த்தே தயாரிப்பதைக் கண்டார்கள். அந்த இரண்டாவது பொருள் தனியாக ஒரு கிருமியையும் கொல்லாது. அதன் வேலையே பம்பை அடைப்பதுதான். பம்ப் நின்றதும் பெர்பெரின் உள்ளே தங்கி வேலையைக் காட்டிவிடுகிறது. ஒருவன் கதவைப் பிடித்துக்கொள்ள இன்னொருவன் உள்ளே புகுந்து அடிக்கிற கதை!

மிளகிலும் இதே கதை. ஜம்முவில் உள்ள சிஎஸ்ஐஆர் ஆய்வகம், மிளகின் காரமான பிப்பரின் அதே நார்ஏ பம்பை முடக்கி சிப்ரோஃப்ளாக்சசினின் வேகத்தைக் கூட்டுகிறது என்று 2006-ல் எழுதியது. பிப்பரின் பிறகு மாத்திரைக்குள்ளும் நுழைந்தது. அதே ஆய்வகமும் காடிலா பார்மசூட்டிகல்ஸும் சேர்ந்து, காசநோய்க்கான ரிஃபாம்பிசினோடு பிப்பரினைச் சேர்த்து ஒரு கலவையைக் கொண்டுவந்தன. 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் செய்கிற வேலைக்கு 200 மில்லிகிராமே போதும் என்பது அதன் நோக்கம். இங்கே மிளகு கிருமியைக் கொல்லவில்லை, மருந்து உடம்பில் ஏறுவதற்கு உதவுகிறது.

இந்த இரண்டு கதையும் சொல்வது ஒன்றைத்தான். செடியில் தேட வேண்டியது துணை மருந்தை. அதைத் தேடுவதற்கு வட்டம் போட்டுப் பார்க்கும் சோதனை உதவவே உதவாது. பம்பை அடைக்கும் அந்தப் பொருளைத் தனியாக வில்லையில் ஏற்றினால் வட்டமே விழாது. ப்ராஜெக்ட் ஃபெயில் என்று தூக்கிப் போட்டிருப்பார்கள்!

உடனே "அப்போ மாத்திரையோடு மிளகு ரசம் குடித்தால் சரியாகிவிடுமா?" என்று கிளம்பக் கூடாது. லேபில் பம்பை நிறுத்திய அளவை ரசம் குடித்து ரத்தத்தில் கொண்டுவர முடியாது. மேலும் பிப்பரின் ஆளைப் பார்த்து உதவுவதில்லை. ப்ரோப்ரனோலால், தியோஃபிலின் போன்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். "மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது" என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

"மூலிகைக்குக் கிருமி பழகாது" என்பது அடுத்த புருடா. மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். பழைய சீன மருத்துவ நூலின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு 1970-களின் தொடக்கத்தில் அதைப் பிரித்தெடுத்த து யூயூவுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. மலேரியா பாக்டீரியா நோய் அல்ல, ஒட்டுண்ணி நோய் என்றாலும் பாடம் ஒன்றுதான். அந்த அருமையான செடி மருந்துக்கும் கம்போடியாவின் மேற்குப் பகுதியில் 2000-களின் முடிவிலேயே ஒட்டுண்ணி பழகிவிட்டது. அளவு குறைந்த மருந்து எதிர்ப்பை வளர்க்கும் என்பதால்தான் அந்தச் செடியை டீ போட்டுக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் எதிர்க்கிறது. அரைகுறை அளவில் மருந்தைக் காட்டினால் கிருமி கற்றுக்கொள்ளும். அது இலையா மாத்திரையா என்று கிருமி பார்ப்பதில்லை.

இருங்காட்டுக்கோட்டை சொல்லும் கதை

இப்போது மறுபடியும் அதே தொழிற்பேட்டை. கார்களுக்கு நடுவே இருங்காட்டுக்கோட்டையில் ஆன்டிபயாடிக் ஊசிமருந்து தயாரித்த ஆலை ஒன்று இருந்தது பலருக்குத் தெரியாது. சென்னையின் ஆர்க்கிட் நிறுவனம் கட்டியது. 2010-ல் அமெரிக்காவின் ஹோஸ்பிராவுக்குக் கைமாறியது. 2015-ல் ஹோஸ்பிராவை ஃபைசர் வாங்கியது. 2019 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டை, அவுரங்காபாத் இரண்டு ஆலைகளிலும் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. இரண்டிலும் சேர்த்து சுமார் 1,700 பேர் வேலை செய்தார்கள். அந்தப் பொருட்களுக்கான தேவை நீண்டகால அடிப்படையில் குறைந்துவிட்டது என்பதே சொல்லப்பட்ட காரணம்.

கிருமிகள் அடங்காமல் பெருகும் காலத்தில், ஆன்டிபயாடிக் ஆலைக்குத் தேவை இல்லையாம்! இது ஒரு ஆலையின் விதி மட்டுமில்லை. பிளாசோமைசின் என்ற புதிய ஆன்டிபயாடிக்குக்கு 2018-ல் அமெரிக்க அனுமதி வாங்கிய அக்கேயோஜன் நிறுவனம், 2019 ஏப்ரலில் திவாலானது. நல்ல ஆன்டிபயாடிக்கைக் கண்டுபிடித்தால் டாக்டர்கள் அதைப் பூட்டி வைத்து, கடைசியில்தான் எடுப்பார்கள். எடுத்தாலும் ஏழெட்டு நாள்தான். சுகர் மாத்திரை போல ஆயுள் முழுக்க விற்காது. லாபம் எங்கிருந்து வரும்?

ஆனால் அதே ஆர்க்கிட்டின் ஆராய்ச்சிக்கூடம் ஒரு மூலக்கூறை உருவாக்கியிருந்தது. பெயர் என்மெட்டாசோபாக்டம். தனியாக இது பெரிய கொலைகாரன் இல்லை. செஃபெபைம் என்ற பழைய ஆன்டிபயாடிக்கைக் கிருமியின் நொதி வெட்டாமல் தடுப்பதே இதன் வேலை. மறுபடியும் அதே துணை மருந்து தத்துவம்! செடி காட்டில் செய்ததை மனிதன் சோழிங்கநல்லூரில் செய்தான் என்று வைத்துக்கொள்ளலாம். 2013-ல் அது ஐரோப்பாவின் அலெக்ரா நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. 19 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம், சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்காக, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த இன்னொரு மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். புதிய கூட்டணி 79.1 சதவீதம் பேரிடம் ஜெயித்தது, பழையது 58.9 சதவீதம் பேரிடம். 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் பிறந்த மூலக்கூறு அமெரிக்க அனுமதி வரை போனதை ஊடகங்கள் கொண்டாடின. ஆனால் கண்டுபிடித்த நிறுவனமே நடுவில் திவால் நடவடிக்கைக்குப் போய், 2020-ல் வேறு கைக்கு மாறியிருந்தது. அந்த மருந்தும் சர்வ வல்லமை படைத்தது அல்ல; என்டிஎம் நொதி வைத்திருக்கும் கிருமியிடம் அதுவும் செல்லாது.

அகார் தட்டில் விழுந்த வட்டத்துக்கும் ஆஸ்பத்திரியில் ஏற்றும் ஊசிக்கும் நடுவில் இருக்கும் தூரம் இதுதான். பத்து வருடத்துக்கு மேலான உழைப்பு, 19 நாடுகள், ஆயிரம் நோயாளிகள், ஒரு திவால். இந்தத் தூரத்தை ஒரு செய்தித் தலைப்பால் தாண்டிவிட முடியும் என்று நினைப்பது அறியாமை. தாண்டிவிட்டதாகச் சொல்லி பாட்டிலை விற்பது மோசடி.

நெருஞ்சிலுக்கு ஒரு நியாயம்

"பணக்கார நாடுகளின் சோதனை முறை நம் மூலிகைக்குப் பொருந்தாது" என்று ஒரு வாதம் உண்டு. கேட்பதற்கு ரோஷமாக இருக்கும். ஆனால் தப்பு. ஜெர்மனியில் சிறுநீர்த் தொற்றுக்கு உவா உர்சி என்ற செடியின் இலையைப் பரம்பரையாகப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் ஊர் நெருஞ்சில் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதை எடுத்து 398 பெண்களிடம், ஒரு பாதிக்கு ஆன்டிபயாடிக், மறு பாதிக்கு இலைச்சாற்று மாத்திரை என்று பிரித்துச் சோதித்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. இலை எடுத்தவர்களில் ஆன்டிபயாடிக் உபயோகம் சுமார் 64 சதவீதம் குறைந்தது. சபாஷ்! ஆனால் அவர்களுக்கு வலியும் எரிச்சலும் கூடுதலாக இருந்தது. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியது இலை எடுத்தவர்களில் 8 பேருக்கு, ஆன்டிபயாடிக் எடுத்தவர்களில் 2 பேருக்கு.

நல்லதையும் கெட்டதையும் ஒரே பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள் பாருங்கள். இதை வைத்து ஒரு டாக்டரும் ஒரு நோயாளியும் உட்கார்ந்து பேசலாம். "உனக்குக் காய்ச்சல் இல்லை, இரண்டு நாள் பார்க்கலாம், குளிர்காய்ச்சல் வந்தால் உடனே வா" என்று சொல்லலாம். ஒரகடத்து விடுதிப் பெண்ணுக்குத் தேவை இந்த மாதிரி ஒரு பதில்தான். நெருஞ்சிலுக்கு அப்படி ஒரு சோதனை நடத்தினால் அது ஜெயிக்கலாம், தோற்கலாம். நடத்தாமலே ஜெயித்ததாகச் சொல்வதுதான் நெருஞ்சிலுக்குச் செய்யும் அவமானம்.

இங்கே நடத்த முடியாதா என்ன? சோதனை என்ற விஷயத்தில் சென்னை உலகத்துக்கே பாடம் எடுத்த ஊர். 1956-ல் இங்கே காசநோய் மருந்து ஆய்வு மையம் ஆரம்பித்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வுமாக வைத்தால்தான் காசநோய் குணமாகும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். அந்த மையம் சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி நெரிசலான தங்கள் வீட்டிலேயே. மருந்து ஒன்றுதான். 1959-ல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள்! காசநோய் வைத்தியத்தின் போக்கையே அது மாற்றியது. பணக்கார நாட்டின் சோதனை முறைதான், ஆனால் லாபம் அடைந்தவர்கள் சென்னையின் ஏழைகள். அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அதே சானடோரியம் பகுதியில்தான் பழைய நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. தரமணியில் என்டிஎம்-1 கிருமியை ஆராய்ந்த வளாகம். சேத்துப்பட்டில் சோதனை நடத்தத் தெரிந்த நிறுவனம். இருங்காட்டுக்கோட்டையிலும் ஆலத்தூரிலும் மருந்து தயாரித்துப் பழகிய கைகள். ஒரகடத்தில் நோயோடு காத்திருக்கும் மனிதர்கள். எல்லாம் ஒரு மணி, ஒன்றரை மணி நேர பஸ் பயணத்துக்குள். இவர்களை ஒரே மேஜையில் உட்காரவைக்க ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை. மூலிகைக்கு மந்திர சக்தி இல்லை என்பதல்ல.

கல்லூரிகளும் கொஞ்சம் மாறலாம். இதற்குக் கோடிகள் வேண்டாம். வட்டத்தை அளப்பதற்குப் பதில் எத்தனை மைக்ரோகிராமில் கிருமி அடங்குகிறது என்று அளக்கலாம். சாதுக் கிருமியோடு நிறுத்தாமல், தகுந்த பாதுகாப்புள்ள ஆஸ்பத்திரி லேபோடு கைகோத்து உண்மையான எதிர்ப்புக் கிருமியிடம் சோதிக்கலாம். சாற்றைத் தனியாகப் பார்ப்பதோடு, ஏற்கெனவே இருக்கும் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தும் பார்க்கலாம். தோற்ற ப்ராஜெக்டுக்கும் முழு மார்க் போடலாம். "இந்த இலை வேலை செய்யவில்லை" என்பதும் அறிவுதான். அடுத்த வருடம் வருகிறவன் அதே குப்பைமேனியை மறுபடி அரைக்காமல் இருப்பான் அல்லவா?

அரசுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2012-ல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டு, ஆன்டிபயாடிக் விற்பனையைக் கட்டுப்படுத்தக் கேட்டன. 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணை வந்தது. அதில் உள்ள ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும். சட்டம் இருக்கிறது. தெருமுனையில்? ஷிஃப்ட் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு வருகிற தொழிலாளி போக டாக்டர் இல்லாத இடத்தில், மெடிக்கல் ஷாப்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. ராத்திரியும் திறந்திருக்கும் கிளினிக், சிறுநீரை கல்ச்சர் வைத்துப் பார்க்கும் வசதி, லைனில் நிற்பவர் நினைத்த நேரத்தில் பாத்ரூம் போகும் உரிமை... எதிர்ப்புக் கிருமிக்கு எதிரான மருந்துப் பட்டியலில் இவையும் உண்டு. எந்த மூலிகையும் இவற்றுக்கு மாற்று இல்லை. எந்த ஊசியும் இல்லை.

கடைசியாக மரமஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. பெர்பெரின் தரும் அந்தக் கொடியை மருந்துக்கென்று வெட்டி வெட்டியே தென்னிந்தியக் காடுகளில் அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மூலிகையைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே அதைக் காட்டிலிருந்து துடைத்தாகிவிட்டது. அதற்குள் இன்னும் என்னென்ன துணைப் பொருட்கள் இருக்கின்றன என்று யாராவது உருப்படியாகத் தேடுவதற்குள் கொடியே இல்லாமல் போனால், ப்ராஜெக்ட் புத்தகத்தின் கடைசிப் பக்க வாக்கியத்தை என்ன செய்வது?